அண்ணனுக்கு ஒரு பழம்பொரி

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகர் என்று தெரிந்த நாளிலிருந்து நீங்கள் சாயங்காலம் டீக்கடைப் பக்கமே போவதில்லையாம், மதினி சொன்னார்கள். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு பழம்பொரியை அடியோடு விட வேண்டியதில்லை அண்ணா. அளவுதான் முக்கியம்.

பழம்பொரிக்குப் போடும் ஏத்தன் வாழைப்பழம் நன்றாகப் பழுத்திருந்தால், 100 கிராமில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பெரிய பழம் ஒன்றை முழுசாகத் தின்றால் ஏறக்குறைய நாலு இட்லி தின்ற மாதிரி. அதன்மேல் மைதா, மாவில் கலக்கும் சீனி வேறு. அதனால் ஒன்றே ஒன்று, டீ சீனியில்லாமல். அன்று ராத்திரி ஒரு தோசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரை போட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிடாதீர்கள், அது ஆபத்து.

தோல் கறுத்த பழத்துக்குத்தான் ருசி என்பீர்கள். பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறிவிடும். கொஞ்சம் உறுதியாக இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் மாவில் முக்காமல், தோசைக்கல்லில் துளி தேங்காயெண்ணெய் விட்டுச் சிவக்கப் புரட்டலாம். மைதாவும் சீனியும் மிச்சம். பழத்தின் சர்க்கரை மட்டும் அப்படியேதான் இருக்கும், அதனால் அங்கேயும் அளவு அளவுதான்.

எனக்குப் பெரிய கவலை எண்ணெய்தான். எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். சர்க்கரையும் தாமதமாக ஏறும். ஒரு மணி நேரத்தில் குத்திப் பார்த்து, ஏறவில்லையே என்று இன்னொன்றை எடுத்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், மூன்றாவது மணியிலும் ஒரு தடவை பாருங்கள். சாப்பிட்டபின் 180-க்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெயால் சர்க்கரை தாமதமாக ஏறுவதால்தான், சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்க்கும்போது பழம்பொரி உதவாது. அந்த நேரத்தில் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். மதினிக்கும் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

தின்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிடாமல், கூட்டாளிகளோடு ஒரு கால் மணி நேரம் நடங்கள். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய்வாருங்கள் அண்ணா. மீட்டரில் வந்த எண்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை