சொல்வதெழுதுதல் நோட்டு



"பிள்ளை கவனமே இல்லை என்று ஸ்கூலில் சொல்கிறார்கள் டீச்சர்" என்று உங்களில் சிலர் போன் செய்கிறீர்கள். திட்டுவதற்கு முன்னால் நோட்டுகளைப் பாருங்கள்.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் முத்து முத்தாக, பிழையே இருக்காது. சொல்வதெழுதுதல் என்றால் மட்டும் 'தட்டு' 'பட்டு' ஆகும், 'காசு' 'காது' ஆகும். மந்தம் என்றார்கள் சக ஆசிரியர்கள். மந்தமென்றால் இரண்டு நோட்டும் அல்லவா தப்பாக இருக்க வேண்டும்? நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அதே சொற்களைச் சொன்னேன். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அதுவரை என் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறான்.

சுத்தமாகக் கேட்காத பிள்ளையை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைதான் திமிர் பிடித்தது என்று பெயர் வாங்கும். சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி இன்னும் மங்கும், சளி விட்டால் கொஞ்சம் தெளியும். 'வேண்டியது மட்டும் கேட்கும் இவனுக்கு' என்பார்கள்.

அவன் அம்மாவை வரச் சொன்னேன். சின்னதிலிருந்தே காதில் சீழ் வடியுமாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய்தான் வைத்தியம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை, வலது பக்கம் பெரிது. சொட்டு மருந்து கொடுத்து, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு, கிணற்றில் குதிக்கத் தடை. அதற்குத்தான் அழுதான்! வகுப்பில் முதல் பெஞ்சு, இடது காது என் பக்கம் வரும்படி. இரண்டு வருடம் கழித்து ஆபரேஷன் செய்து வலது ஓட்டையை அடைத்தார்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டியிருக்காது. சில பிள்ளைகளுக்கு அழுக்கு எடுத்தாலே போதும். உள் நரம்பில் கோளாறு என்றால் காது மெஷின். அதை மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமல் பார்ப்பது டீச்சர் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு யாரும் சிரிப்பதில்லையே. பிறவியிலேயே கேட்காத குழந்தை என்றால் தள்ளிப்போடவே கூடாது. காக்ளியர் இம்பிளான்ட் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள்தான் கிடைக்கும்.

2013 முதல் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, குழு வரும்போது பெயர்ப் பட்டியலோடு அந்த நோட்டையும் எடுத்துக் காட்டுங்கள்.

சூடு எண்ணெய் ஊற்றுகிற, ஹேர்பின்னால் குடைகிற பெரியவர்கள் நம் வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கோபித்துக்கொண்டால் டீச்சர்தான் எழுதச் சொன்னாள் என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.