கட்டவிழ்த்த நதியின் கரையில்

இமயத்தின் மடியிலுள்ள குலு, தேவர்களின் பள்ளத்தாக்கு எனப் போற்றப்படுவது. அதன் நடுவே பாயும் பியாஸ் நதியே அந்நாளைய விபாசை. புத்திர சோகம் தாளாத வசிஷ்டர், தம்மைக் கயிற்றால் கட்டிக்கொண்டு இந்நதியில் விழுந்தார். நதித்தாயோ கட்டுகளை அவிழ்த்து அவரைக் கரை சேர்த்தாள். அதனாலேயே இப்பெயர் வந்தது என்கிறது மகாபாரதம்.

மணாலியில் தேவதாரு வனத்தின் நடுவே, 1553-இல் எழுப்பப்பட்ட இடும்பி ஆலயம் மரக்கோபுரத்துடன் காட்சி தருகிறது. குலுவை அடுத்து, சுமார் 2,460 மீட்டர் உயரத்தில் பிஜிலி மகாதேவர் அருள்கிறார். இடி விழுந்து சிதறும் லிங்கத் திருமேனியை அர்ச்சகர் வெண்ணெயால் ஒன்றுசேர்ப்பார் என்பது தல ஐதீகம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டி, ஓசூர் வட்டாரங்களிலிருந்தும் குடும்பங்கள் இங்கு யாத்திரை வருவதுண்டு. முதியோர் தரிசனத்தில் லயித்திருக்க, இளையோரின் கண்கள் வானில் மிதக்கும் வண்ணத் துணிச் சிறகுகளை நாடுகின்றன. அதுவே பாராகிளைடிங். 2019 நவம்பரில், மணமாகிச் சில நாள்களே ஆன சென்னை இளைஞர் ஒருவர், குலு அருகே தோபியில் இவ்வாறு பறந்தபோது, பாதுகாப்பு வார் அவிழ்ந்து விழுந்து உயிர்நீத்தார். கட்டவிழ்ந்து ஒருவர் உயிர் பிழைத்ததாகக் கதை சொல்லும் அதே பள்ளத்தாக்கில், கட்டவிழ்ந்து ஓர் உயிர் போயிற்று.

'ஹெல்மெட்டும் பெல்ட்டும் இருக்கிறதே' என்பார்கள் பிள்ளைகள். ஓசூர் ஆலைகளில் உயரத்தில் பணிபுரிவோரும் இவற்றை அணிகிறார்கள். ஆனால் அங்கே பெல்ட்டின் மறுமுனை அசையாத இரும்பில் பிணைந்திருக்கும். இங்கோ காற்றால் உப்பிய துணியில் தொங்குகிறது. அத்துணிக்கு எலும்புக்கூடு இல்லை. காற்று குழம்பினால் சிறகு மடங்கிவிடும். அவசரக் குடை விரியவும் போதிய உயரம் வேண்டும். தரைக்கு அருகில் அதற்கு நேரமிராது. தலைக்கவசம் சிறு மோதலைத் தாங்கும். பெரும் வீழ்ச்சியைத் தாங்காது. இருக்கையின் அடியிலுள்ள மெத்தை முதுகெலும்புக்கு ஓரளவே காவல்.

ஆகவே, கருவிக்கு முன்னே காக்க வேண்டியது நிதானமே. விமானி மாநிலச் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிதல் வேண்டும். தொடை வார், மார்பு வார் ஒவ்வொன்றையும் ஓடத் தொடங்குமுன் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துச் சோதிக்க வேண்டும். உச்சி வெயிலில் சூடேறிய சரிவுகளிலிருந்து காற்று வேகமாய் மேலெழும். அந்நேரத்தைத் தவிர்ப்பது நலம். மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, இங்கே பறக்க அரசே தடை விதிக்கிறது.

பனிக்காலத்தில் பத்ரிநாத்தின் நடை சாத்தப்படுகிறது. அப்போது எந்த அடியவரும் பிணங்குவதில்லை; திறக்கும் காலம் வரை காத்திருக்கிறார். காற்று சாதகமாக இல்லாத நாளில் மலையுச்சி வரை சென்றும் பறக்காமல் இறங்கி வருவதும் அத்தகைய பணிவே. யாத்திரை புறப்படும் பேரப்பிள்ளைகளுக்குத் திருநீறு இட்டு வழியனுப்பும் பெரியோர், இந்த ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார்களாக.