மீன்குஞ்சின் பக்கவரி

தொல்காப்பியனார் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, ஐம்பொறிகட்கு மேற்பட்ட ஆறாவதனை மனம் என்றார். அவ்வகுப்பிற் பழகிய நமக்கு, மக்கட்கு இல்லாத புலன் ஒன்று மீன்களுக்கு உண்டெனக் கேட்பது வியப்பாகும். மீனின் விலாவில் தலைமுதல் வால்காறும் ஓடும் மெல்லிய கோட்டைச் சந்தையிற் கண்டிராதார் இலர். பக்கவரி எனப்படும் அக்கோடே அப்புலனுக்கு இருப்பிடம். முற்காலத்து ஐரோப்பிய நூலோர் அதனை வழுவழுப்பான நீர் சுரக்கும் குழாயென்றே கொண்டனர். ஜெர்மானியராகிய லைடிக் என்பார் 1850-ஆம் ஆண்டில் அஃது ஓர் உணர்பொறியென எடுத்துக் காட்டினார். பின்வந்த டச்சு அறிஞர் டைக்கிராஃப், தொலைவிலுள்ளதைத் தீண்டி அறியும் உணர்ச்சி என அதனை விளக்கினார்.

இப்பொறியைக் காண்டற்கு மிகவும் ஏற்றது வரிக்குதிரை மீனின் குஞ்சு. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் இம்மீன், கங்கையாற்று மீன்களைப் பற்றி ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில் முதன்முதல் விவரிக்கப்பெற்ற நம் நாட்டு மீனே. கருவுற்ற 2 அல்லது 3 நாட்களில் முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே உடையது. பளிங்கு போன்ற மேனியது. யாம் அதனை நுண்ணோக்கியிற் கண்ட பொழுது, உயிரோடிருக்கும் ஒன்றின் உள்ளமைப்பெல்லாம் கண்ணெதிரே விளங்குதலால், நெடுநேரம் கண்ணை எடுத்திலேம்.

இப்பொறி அமையும் முறையும் அழகியது. முட்டையினுள் கரு வளரும் நாளில், செவிக்குப் பின்னே ஏறக்குறைய நூறு உயிரணுக்கள் ஒரு கூட்டமாய்த் திரண்டு வால் நோக்கிப் புறப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு நாட்பயணத்தில், உழவன் நாற்றுமுடிகளை இடைவெளி விட்டு வைத்துச் செல்லுமாறு போல, அக்கூட்டம் வழியில் ஐந்தாறு சிறு தொகுதிகளை விட்டுச் செல்லும். எஞ்சியது வால்முனையில் நிலைபெறும். ஒவ்வொரு தொகுதியின் நடுவிலும் நுண்மயிர் தாங்கிய மயிரணுக்கள் உள. அம்மயிர்களைப் பாகு போன்ற மூடி ஒன்று போர்த்தி நிற்கும். நீர் அசையின் மூடி சாயும். மூடி சாயின் மயிர் வளையும். வளைந்த செய்தியை நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்லும். உடலின் நெடுகவுள்ள தொகுதிகளிற் பாதி மயிரணுக்கள் முன்னிருந்து வரும் ஓட்டத்தையும், மறுபாதி பின்னிருந்து வருவதனையும் உணரும். ஆதலின் நீர் எத்திசையினின்று வருகின்றது என்பது குஞ்சுக்குத் தெளிவாம்.

அது வெறும் அறிவன்று, உயிர்காக்கும் அறிவு. பெரிய மீன் இரையை விழுங்க வாய் திறக்குங்கால் நீர் அதனுள் இழுக்கப்படும். அவ்விழுப்பை உணர்ந்த குஞ்சு, கண்ணிமைக்குமுன் உடலை வளைத்துத் துள்ளி விலகுகின்றது. மயிரணுக்களை மருந்தினால் அழித்துவிட்டாலோ, அது பகைவாயில் அகப்படுதல் மிகுகின்றது.

இவற்றைக் கற்ற அன்று எம் பெரிய தந்தையார் நினைவு எமக்கு வந்தது. இம்மயிரணுக்களை ஒத்தனவே நம் உட்செவியிலும் இருந்து, ஒலியையும் உடலின் நிலையையும் உணர்த்துகின்றன. பெரிய தந்தையார் இளமையிற் காசநோயுற்று, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியினால் உயிர் பிழைத்தவர். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்திற் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்து எண்ணற்றவரை வாழ்வித்தது. சிலரிடம் செவியின் மயிரணுக்களை விலையாகவும் பெற்றுக்கொண்டது. அவர்க்கு முதலில் நடை தள்ளாடிற்று. பின்னர்ச் செவி அடைத்தது. எம் இல்லத்து மாடிப்படி மரத்தாலாயது. அதில் ஏறி வருவார் இன்னார் என்பதனை அவர் உள்ளங்காலில் எழும் அதிர்வினால் அறிந்து, முகம் திருப்பாமலே பெயர் சொல்லி அழைப்பார். சிறு பிள்ளைகளாகிய யாம் அதனை ஒரு வித்தையெனக் கருதி, பலகால் ஏறி இறங்கி விளையாடினோம். அவர் ஒருகாலும் சலித்ததிலர். ஆயினும் எம் குரலை அவர் கேட்டதேயில்லை.

அவர் செவியைக் கெடுத்த அதே மருந்து மீன்குஞ்சின் மயிரணுக்களையும் கொல்லும். ஆனால் குஞ்சின்கண் அவ்விழப்பு நெடிது நில்லாது. அருகிலுள்ள துணையணு ஒன்று இரண்டாய்ப் பிரிந்து, எதிரெதிர்த் திசை நோக்கும் இரு மயிரணுக்களாய் அமையும். இரண்டு மூன்று நாட்களிற் பெரும்பாலும் பொறி பண்டு போலாம். பறவைகட்கும் அவ்வாற்றல் உண்டென்று 1988-இல் அறியப்பட்டது. நமக்கோ ஒவ்வொரு செவியிலும் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறக்குறைய 15,000, மாண்டவை மீள்வதில்லை. அவற்றை மீட்டும் முளைப்பிக்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வந்திலது. குஞ்சின் துணையணுவை எழுப்புவது யாது, நம் செவியின் துணையணுவை உறங்க வைப்பது யாது என்பதே பல ஆய்வுக்கூடங்களில் நிகழும் ஆராய்ச்சி.

அறிவியல் மாணவர் சிலர், நகத்தளவும் இல்லாத உயிரை நாள் முழுதும் நோக்கியிருத்தலால் வரும் பயன் யாது எனக் கேட்பர். பேரன் பேர்த்திகளின் மழலையைக் கேளாது வாழும் முதியோர் எத்துணையர் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக. அன்னார் இழந்ததை மீட்கும் வழி, அச்சிறு மேனியில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அதனைப் பொறுமையோடு நோக்கிக் கற்பதே நம்மனோர் கடன்.