படலை இல்லாத படலை

சென்ற மாசி மாதத்திலே ஒரு மாலைப்பொழுது. பெரும்போக அறுவடை முடிந்து, நெல் மூடைகளை ஏற்றிய உழவு இயந்திரங்கள் கரடியனாற்றுச் சந்தியைக் கடந்து செங்கலடியை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. விறாந்தையில் அமர்ந்து அக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த என் செவியிலே, அயல்வீட்டு முற்றத்திலிருந்து ஓர் இளங்குரல் வந்து விழுந்தது.

“பஸ், கார், லொறி, ட்ரெயின், ஷிப், ஃபெரி, எயரோபிளேன்…”

ஏழாந் தரத்தில் படிக்கும் சிறுமி, கையிலே கொப்பியை வைத்துக்கொண்டு மனனஞ் செய்துகொண்டிருந்தாள். திருப்புகழ் பாடுவதுபோல் ஓர் இராகமும் அதற்கு அமைந்திருந்தது. நான் அழைத்தேன், ஓடிவந்தாள். பொருளைக் கேட்டபோது பெரும்பாலானவற்றுக்குத் தயங்காமல் விடை சொன்னாள். ‘ஃபெரி’ என்றதும் சற்றே நின்றாள்.

“அது ஒரு வகைக் கப்பல், மாமா.”

“கப்பல் இல்ல மகள். அதுதான் நம்மட பாதை.”

“பாதையெண்டா ரோட்டுத்தானே, மாமா?”

அவளைக் குறைகூற இயலாது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் எழுவான்கரை, படுவான்கரை என்று நம் முன்னோர் அழகாகப் பெயரிட்டனர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. இவ்விரு கரைகளுக்குமிடையே மனிதரையும் மிதிவண்டிகளையும் சுமைகளையும் ஏற்றிக் கடத்தும் தட்டையான பெரிய படகுக்குப் ‘பாதை’ என்பதே இந்நாட்டு வழக்கு. நீரின்மேல் வழி வேறு இல்லாதபோது, படகே பாதையாயிற்று. மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டபின் அங்கே பாதைக்கு வேலை இல்லாது போயிற்று. உள்நாட்டிலே வயலும் குளமும் சூழ வாழும் இச்சிறுமி, பாதையில் ஒருநாளும் ஏறியவளல்லள். ஆகவே, ஆங்கிலச் சொல்லும் அவளுக்குப் புதிது. தமிழ்ச் சொல்லும் புதிது.

அவள் கேட்ட கேள்வி என்னை என் பள்ளிப் பருவத்துக்கே கொண்டுசென்றது. அக்காலத்தில் ‘நான் சென்ற ஒரு பயணம்’ என்ற பொருளில் ஆங்கிலத்திலே கட்டுரை எழுதிவருமாறு ஆசிரியர் பணித்தார். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்பெறும் மண்டூர் முருகன் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வந்ததை எழுதினேன். கரடியனாற்றிலிருந்து செங்கலடிக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் பஸ். பின்பு 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கு நோக்கிக் குருமண்வெளி வரையில் மற்றொரு பஸ். அங்கிருந்து பாதையிலே மண்டூர். இவ்வளவும் ஒழுங்காக வந்தது. ‘பாதையில் வாவியைக் கடந்தோம்’ என்று எழுதவேண்டிய இடத்திலே மட்டும் அகராதியைப் புரட்டினேன். பாதைக்கு நேரே ‘பாத்’ என்றிருந்தது. அதையே எழுதிவிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அவ்வரியை வகுப்பிலே உரத்து வாசித்தார். “தண்ணீர்மேல் நடந்தவர் இயேசுநாதர் ஒருவரென்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். இவனுடைய குடும்பம் முழுவதுமே நடந்திருக்கிறதே!” என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்னர் அவரே கரும்பலகையில் ‘ஃபெரி’ என்று எழுதி, ஒரு படகையும் வரைந்து காட்டினார். அன்று பட்ட வெட்கம் காலத்தால் ஆறிவிட்டது. சொல் மட்டும் ஆறாமல் நின்றது. அகராதி ஆயிரம் சொற்களை அறியும். ஆனால் நம் ஊரை அறியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இக்கதையைக் கேட்டுச் சிறுமி சிரித்தாள். பின்பு, “நாளைக்குச் சோதனையோ, மகள்?” என்று நான் வினவியபோது அவள் முகம் மாறிற்று.

“இல்ல மாமா. அம்மாக்குச் சொல்லிக் குடுக்க.”

அப்பொழுதுதான் செய்தி தெரியவந்தது. அவளுடைய தாய், சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் வீட்டுவேலைக்காகக் குவைத்துக்குச் செல்லவிருந்தாள். விதைப்புக்கு வாங்கிய கடனும் பாதியில் நின்றுபோன வீடும் அவளை அம்முடிவுக்குத் தள்ளியிருந்தன. அதுவரையில் செங்கலடிக்கு அப்பால் தனியே சென்றறியாத பெண் அவள். மகளோ, தன் பாடக்கொப்பியிலுள்ள பதினெட்டுச் சொற்களைத் தாய்க்குக் காவலாக அனுப்ப நினைத்திருந்தாள்!

எங்கள் உரையாடலைக் கேட்டுக்கொண்டே வேலியருகில் நின்ற அவளுடைய அம்மம்மா உள்ளே வந்தார். நான் மாமி என்றழைக்கும் அம்மூதாட்டி, 1990களின் நடுப்பகுதியிலே இவ்வாறே வளைகுடா நாடொன்றுக்குப் போய்வந்தவர்.

“அதையேன் தம்பி கேக்கிறாய்! நடுவழியில ஒரு பெரிய எயாப்போட்டுல இறக்கி, மற்றப் பிளேனுக்குக் கேட் நம்பர் பதினாலுக்குப் போ எண்டு துண்டுல எழுதித் தந்தாங்க. கேட்டெண்டா படலைதானே. நானும் படலையத் தேடுறன், தேடுறன். கண்ணாடியும் கதிரையும்தான் கிடக்கு. ஒரு படலையையும் காணல்ல. மறுகா ஒரு மூலையில குந்தி அழத் தொடங்கிட்டன். ஒரு மலையாளப் புள்ளதான் துண்டப் பாத்து, கையப் புடிச்சுக் கூட்டிப் போனா. ஆகக் கடைசி ஆள் நான்தான் ஏறினன்.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனினும், மொழியறியாத மண்டபத்தில் அழுதுகொண்டிருந்த அந்த இளந்தாயை எண்ணியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி சொல்லை அறியாதவரல்லர். ‘கேட்’ என்றால் படலை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது எங்கே, எவ்வாறு இருக்கும் என்பதைத்தான் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொருளைக் காணாது கற்ற சொல், நீரில்லாத குளத்திலே கட்டிய தோணி. ஏறி அமரலாம், ஆனால் ஓரடியும் நகராது.

அன்று முதல் தாயும் மகளும் மாலைதோறும் எங்கள் விறாந்தைக்கு வரலாயினர். அச்சிட்ட பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்கள் கண்ணால் கண்ட வாகனங்களிலிருந்தே தொடங்கினோம்.

நம் மொழியிலே பஸ்ஸில் போனேன், காரில் போனேன், தோணியில் போனேன் என்று ‘இல்’ என்னும் ஓர் உருபே எல்லா வாகனங்களையும் சுமந்துவிடுகின்றது. ஆங்கிலமோ ஆளுக்கேற்ற ஆசனம் போடும் மொழி. எழுந்து நின்று நடமாடக்கூடிய பஸ், புகைவண்டி, கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘ஒன்’. குனிந்து ஏறி அமரவேண்டிய காருக்கு ‘இன்’. எதன் மூலம் வந்தாய் என்று பொதுவாகக் கேட்டால் ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’ என்பது விடை. நடந்து வந்தவனுக்கு மட்டும் ‘பை’ உதவாது. அவன் ‘ஒன் ஃபுட்’ என்றே சொல்லவேண்டும். ஏறுவதும் இறங்குவதும் அவ்வண்ணமே: பஸ்ஸுக்குக் ‘கெட் ஒன்’, ‘கெட் ஓஃப்’, காருக்குக் ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’.

“அப்ப, மெசின் பெட்டிக்கு என்ன மாமா? அதில நிண்டும் போவம், இருந்தும் போவமே!” என்று சிறுமி மடக்கினாள். உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டியைப் பற்றி எந்த இலக்கண நூலிலும் நான் படித்ததில்லை. சிறிது யோசித்தபின், “இயந்திரத்தின் மேல் ஏறி அமரும் சாரதிக்கு ‘ஒன்’, நாற்புறமும் பலகை அடைத்த பெட்டிக்குள் நிற்கும் நமக்கு ‘இன்’” என்று தீர்ப்பளித்தேன். அவள் ஏற்றுக்கொண்டாள்.

மற்றொரு நாள், புகைவண்டியைக் ‘கோச்சி’ என்று சொல்லிவிட்டுத் தாய் நாணினாள். நாட்டுப்புறச் சொல் என்று எண்ணினாள் போலும். மட்டக்களப்புக்கு இருப்புப்பாதை வந்தது 1928இல். அந்நாள் தொட்டு நம் பாட்டன்மார் கோச்சியில்தான் கொழும்புக்குப் போனார்கள். அச்சொல் ஆங்கிலக் ‘கோச்’ என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலேயருக்கு அது எங்கிருந்து வந்ததென்று நினைக்கிறீர்கள்? ஐரோப்பாவிலே ஹங்கேரி நாட்டில் ‘கோச்’ என்றொரு சிற்றூர் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் அவ்வூரார் இலகுவாக ஓடும் நல்ல குதிரை வண்டிகளைச் செய்து புகழ்பெற்றனர். ‘கோச் ஊர் வண்டி’ என்ற பொருளில் ஹங்கேரியர் அதைக் ‘கோச்சி’ என்றே அழைத்தனர். அச்சொல் பல தேசங்களைச் சுற்றி இங்கிலாந்தை அடைந்தபோது வால் அறுந்து ‘கோச்’ ஆயிற்று. நம்மிடம் வந்து சேர்ந்தபோது இழந்த வாலை மீண்டும் பெற்றுக்கொண்டது! நாணுவதற்கு இதில் என்ன இருக்கிறது? நம்முடைய கட்டுமரமும் இவ்வாறே கடல் கடந்து ஆங்கில அகராதியில் குடியேறியிருக்கின்றது. மனிதரைப் போலவே சொற்களும் பிழைப்புத் தேடிப் பயணம் செய்கின்றன.

எல்லாச் சொற்களும் இவ்வாறு சிரிப்போடு வருவனவல்ல. ‘கொண்டெய்னர்’ என்ற சொல் கொப்பியில் வந்தபோது மாமி பேசாதிருந்தார். 2010 செப்டெம்பர் 17ஆம் நாள், வீதி அமைக்கும் வேலைக்கெனக் கொண்டுவரப்பட்டு, கரடியனாற்றுப் பொலிஸ் நிலைய வளவில் நிறுத்தப்பட்டிருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வூரார் அச்சொல்லை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. சிறுமி பிறக்குமுன் நிகழ்ந்தது அது. “பெரிய இரும்புப் பெட்டி, கப்பலிலும் லொறியிலும் சாமான் ஏற்றுவது” என்று மட்டும் அவள் கொப்பியிலே எழுதச் சொன்னேன்.

பங்குனி முடிவதற்குள், சிறுமி தன் தாய்க்கெனத் தனியே ஒரு சிறு கொப்பி தயாரித்துவிட்டாள். அதிலே ஆங்கில எழுத்து ஒருபுறம், தமிழ் உச்சரிப்பு மறுபுறம், அதன்கீழ் விளக்கம். ‘டிப்பார்ச்சர்: புறப்பாடு. நீங்கள் போகும்போது இந்தப் பக்கம்.’ ‘அரைவல்: வருகை. நீங்கள் திரும்பி வரும்போது இந்தப் பக்கம்.’ ‘ட்ரான்ஸிட்: இது குவைத் அல்ல. வெளியே போகக்கூடாது. மற்றப் பிளேனுக்கு மாறவேண்டும்.’ ‘போர்டிங் பாஸ்: தொலைக்கக்கூடாது. கேட் இலக்கம் இதில் இருக்கும். மாறவும் கூடும், திரையையும் பார்க்கவேண்டும்.’ எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பு மையினால் கோடிட்டு எழுதியிருந்தாள்: ‘கேட்: படலை இல்லை. மேலே இலக்கம் தொங்கும். அதன்கீழ் கதிரைகள் இருக்கும்.’

எத்தனையோ பாடநூல்களைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவர் வழிதவறிவிடுவாரே என்ற அச்சத்தோடும் அன்போடும் எழுதப்பட்ட பாடநூல் அது ஒன்றே.

வைகாசி மாதத்தில் புறப்படும் நாள் வந்தது. இரவுப் புகைவண்டியைப் பிடிப்பதற்காக முச்சக்கரவண்டியிலே ஏறாவூர் நிலையத்துக்குப் போனோம். ஆங்கிலத்திலே ‘ஃபெரி’ என்பதும், பயணக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபெயர்’ என்பதும், பிரியாவிடையைக் குறிக்கும் ‘ஃபெயார்வெல்’ என்பதும் செல்லுதல் என்னும் பொருளுடைய ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ‘ஃபெயார்வெல்’ என்றால் ‘நலமாய்ச் செல்க’ என்பதே கருத்து. நல்ல வாழ்த்துத்தான். ஆனால் நம் வீடுகளிலே ‘போகிறேன்’ என்று சொல்லி எவரும் படியிறங்குவதில்லை. மேடையிலே நின்ற மகளை அணைத்துக்கொண்டு அத்தாய் சொன்னது, “போயிற்று வாறன், புள்ள” என்பதுதான். வருவதையும் சேர்த்துச் சொன்னாலன்றி நமக்குப் போக மனம் வருவதில்லை.

மறுநாள் நள்ளிரவு கழிந்தபின் தொலைபேசி அழைத்தது. அவர்கள் வீட்டிலே ஒருவரும் உறங்கியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் உறங்கவில்லை. காலையிலே சிறுமி ஓடிவந்து, தாய் சொன்னதை அப்படியே ஒப்புவித்தாள்.

“மாமா! அம்மா கதைச்சவ. ‘படலை இல்லாத படலையக் கண்டுபிடிச்சிட்டன், புள்ள. இலக்கத்துக்குக் கீழ, கதிரையில இருக்கிறன். அம்மம்மாக்கிட்டச் சொல்லு’ எண்டு சொன்னவ.”

சொல்லிவிட்டுச் சிறுமி தன் பாடக்கொப்பியைத் திறந்தாள். ‘அரைவல்’ என்ற சொல்லுக்கு நேரே, இரண்டாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு திகதியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.