இரண்டாம் விருப்பு

ஒரு நாட்டிற்கு வலிமை மிக்க தலைமை வேண்டும் என்னும் ஏக்கம், அந்நாட்டின் வாக்களிப்பு முறையையே மாற்றியமைக்கும் அளவிற்கு வளர்ந்த வரலாறுகள் சில உண்டு. அவற்றுள் தமிழ் மக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டது இலங்கையின் வரலாறு. அதன் நடுவே நிற்பவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா.

1966ஆம் ஆண்டின் இறுதியில், இலங்கை அறிவியல் முன்னேற்றக் கழகத்தில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு அகவை அறுபது. அமைச்சராக இருந்தாரேயன்றி ஆட்சித் தலைவராக இருக்கவில்லை. சட்டமன்றத்தின் அன்றாட மனமாற்றங்களுக்கு ஆட்படாத, மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பெறும் ஒருவர் குறிப்பிட்ட காலம் உறுதியாக இருந்து ஆளவேண்டும் என்பதே அவர் கருத்து. அதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. 1960 மார்ச்சில் அமைந்த டட்லி சேனநாயக்காவின் அரசு ஏறத்தாழ ஒரு திங்களே நிலைத்தது. 1964 டிசம்பரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு ஒரே ஒரு வாக்கால் தோற்றது. ஒரு கையுயர்வில் ஓர் அரசு சரிவதைக் கண்டவர், அசையாத தலைமையை நாடியதில் வியப்பில்லை. ஆயினும் அன்று அவர் சொல்லைத் தம் கட்சியினரே பெரிதாகக் கொள்ளவில்லை.

அவர் கருத்துக்கு வழி திறந்து விட்டது பழைய வாக்களிப்பு முறையே என்பது வேடிக்கையானது. தொகுதிக்கு ஒருவர், மிகுதியான வாக்குப் பெற்றவர் வெற்றியாளர் என்பது ஆங்கிலேயரிடமிருந்து வந்த முறை. மலேசியர்க்கும் சிங்கப்பூரர்க்கும் நன்கு பழகிய முறையும் அதுவே. 1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 37.9 வாக்குகள் பெற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி பெற்றது 36.9. முன்னதற்குக் கிடைத்த இடங்கள் 17; பின்னதற்கு 91! பின்னது தன் தோழமைக் கட்சிகளுக்குச் சில தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது என்பதையும் கணக்கிற் கொண்டால் வேறுபாட்டின் கூர்மை சற்றே தணியும், முற்றும் மறைந்துவிடாது. தோழமைக் கட்சிகளோடு சேர்ந்து 151 இடங்களில் 116ஐ அவ்வணி பற்றியது. அந்த வலிமையைக் கொண்டு 1972இல் புதிய அரசியலமைப்பை இயற்றியது. சிறுபான்மையோர்க்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. நாடாளுமன்றத்தின் ஆயுளும் 1977 வரை நீண்டது.

1977 ஜூலையில் அதே காற்று மறுபுறம் வீசியது. ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 50.9 வாக்குகள் பெற்று, 168 இடங்களில் 140ஐ வென்றது. சரியாக ஆறில் ஐந்து பங்கு. நூற்றுக்கு ஏறத்தாழ 30 வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். வடக்கிலும் கிழக்கிலும் வாக்குகள் செறிந்திருந்தமையால், நூற்றுக்கு ஏழிலும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு இடங்கள் கிடைத்தன. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனி ஈழம் கேட்டுத் தேர்தலில் நின்ற கட்சி ஒற்றை நாட்டின் நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையின் தலைமையில் அமர்ந்தது. வாக்குகளை இடங்களாக மாற்றும் கணக்கு எத்துணை விந்தையானது என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை.

பதினோராண்டுகளுக்கு முன் கேட்பாரற்றுக் கிடந்த கருத்தை ஜெயவர்த்தனா இப்போது கையில் எடுத்தார். 1978 பிப்ரவரி 4ஆம் நாள் நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டில் தெகோல் அமைத்த முறையின் சாயல் அதிற் படிந்திருந்தது. அங்கே எவர்க்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காவிடின், முதலிருவர்க்கிடையே பின்னொருநாள் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெறும். இலங்கையில் இரு தேர்தல்களையும் ஒரே தாளில் மடித்து வைத்தனர். வாக்காளர் தாம் விரும்புவோர்க்கு 1, 2, 3 என மூன்று விருப்புகளை வரிசைப்படுத்தலாம். எவரும் பாதியைக் கடக்காவிடின், முதலிருவர் நீங்கலாக ஏனையோர் விலக்கப்படுவர். அவர்களுக்கு வாக்களித்தோரின் இரண்டாம், மூன்றாம் விருப்புகள் அவ்விருவரில் எவரைச் சுட்டுகின்றனவோ அவர் கணக்கிற் சேரும்.

இம்முறையின் உள்ளே ஒரு நல்லெண்ணம் புதைந்து கிடக்கிறது. தலைவராக விரும்புபவர் தம்மை முதலாவதாக விரும்பாதவரிடமும் சென்று, இரண்டாவதாகவேனும் தம்மை நினைக்கும்படி கேட்கவேண்டும். சிங்களவர் தமிழரிடமும், தமிழர் சிங்களவரிடமும் கேட்கக்கூடிய ஒரு சிறு வாயில் அது. நாடாளுமன்றத்திற்கோ விகிதாசார முறை விதிக்கப்பட்டது. இனி எக்கட்சிக்கும் மூன்றில் இரண்டு பங்கு எளிதில் வாய்க்காது. எனவே புதிய அரசியலமைப்பை எவரும் எளிதில் மாற்றிவிட இயலாது. தாம் ஏறிச் சென்ற ஏணியைப் பிறர் ஏறாவண்ணம் மேலே இழுத்துக்கொண்டார் என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் விகிதாசாரத் தேர்தல் உடனே வரவில்லை. 1980இல் சிறிமாவோவின் குடியுரிமைகள் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. முதன்மையான போட்டியாளர் களத்திற்கு வெளியே நிற்க, 1982 அக்டோபரில் நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயவர்த்தனா 52.9 விழுக்காடு பெற்று வென்றார். இரண்டாம் விருப்பை எண்ணவேண்டிய தேவை எழவில்லை. அதன்பின் அவர் தம் கட்சி உறுப்பினர்களிடமிருந்து நாள் குறிக்கப்படாத பதவி விலகற் கடிதங்களைப் பெற்றுக்கொண்டார். கடிதத்தில் நாளை எழுதிவிட்டால் உறுப்பினரின் பதவி போய்விடும். அசையாத தலைமை என்பதற்கு அவர் கண்ட பொருள் அது.

அதே ஆண்டு டிசம்பர் 22இல் பொதுமக்கள் வாக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. தேர்தலே நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டிக்கலாமா என்பது வினா. ஆம் என்பார்க்கு விளக்கு. இல்லை என்பார்க்குப் பானை. விளக்கு 54.7 விழுக்காட்டில் வென்றது. வாக்களிப்பை ஒத்திவைப்பதற்கே வாக்களிப்பு! ஆறில் ஐந்து பங்கு அப்படியே நிலைத்தது. அடுத்த ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம், நாட்டுப் பிரிவினையை ஆதரிப்பதில்லையென உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றது. எடுக்க மறுத்த கூட்டணியினர் தம் இடங்களை இழந்தனர். வலிமை குறைந்திராத அரசின் காலத்திலேதான் இவையெல்லாம் நிகழ்ந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். விகிதாசார முறையில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் 1989இல்தான் வந்தது. அதற்குள் வடக்கும் கிழக்கும் போர்க்களமாகிவிட்டன.

பின்வந்தோர் கதையை விரைந்து சொல்லிவிடலாம். அப்பதவியை ஒழிப்பேன் என்று 1994இல் சந்திரிகா சொன்னார். பின்னர் வந்தவர்களும் சொன்னார்கள். அமர்ந்தபின் எவரும் எழவில்லை. 2010இல் இருமுறைக்கு மேல் ஒருவர் போட்டியிடக்கூடாது என்னும் தடையும் நீக்கப்பட்டது.

சிறுபான்மையோரின் வாக்கே வெற்றியைத் தீர்மானிக்கும் என இம்முறையின் ஆதரவாளர் கூறிவந்தனர். 2005இல் மகிந்த ராஜபக்ச 50.3 விழுக்காடு பெற்று, ஏறத்தாழ 180,000 வாக்கு வேறுபாட்டில் வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அன்று வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 பேரே. புறக்கணிப்பின் நிழலில், அளிக்கப்படாத வாக்குகளும் ஒரு தலைவரை உருவாக்கின. 2015இல் தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு வாக்களித்தனர். மைத்திரிபால சிறிசேன 51.3 விழுக்காட்டில் வென்றார். 2019இல் கோத்தபய ராஜபக்ச அவர்களுடைய ஆதரவு பெரிதும் இல்லாமலே 52.3 விழுக்காடு பெற்றார். உறுதியான மனிதர் என்று கொண்டாடப்பட்டவர் அவர். 2022 ஜூலையில் மக்கள் அவர் மாளிகைக்குள் நுழைந்தனர். மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்து, தம் பதவி விலகற் கடிதத்தை அவர் மின்னஞ்சலில் அனுப்பினார்.

இவ்வளவும் நிகழ்ந்த ஆண்டுகளில், 1982 முதல் 2019 வரை, எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடைபெற்றன. எல்லாவற்றிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைக் கடந்துவிட்டார். இரண்டாம் விருப்பு சட்டப் புத்தகத்திலேயே உறங்கியது. ஒற்றைப் புள்ளடி இட்டாலும் வாக்குச் செல்லும் என்பதனால், மக்களும் புள்ளடியோடு நிறுத்திக்கொள்ளப் பழகினர்.

2024 செப்டம்பர் 21இல் 38 பேர் போட்டியிட்டனர். முதல் எண்ணிக்கையில் அனுர குமார திசாநாயக்க 42.3 விழுக்காடும், சஜித் பிரேமதாச 32.8 விழுக்காடும் பெற்றனர். மறுநாள், வரலாற்றில் முதன்முறையாக, அந்தச் சிறு வாயில் திறக்கப்பட்டது. ஏனையோர்க்கு விழுந்திருந்த வாக்குகள் 33 இலட்சத்திற்கும் மேல். அவற்றிலிருந்து விருப்பு வாக்குகளாக இவ்விருவரையும் வந்தடைந்தவை 273,131 மட்டுமே. பன்னிருவரில் ஒருவர் என்னும் அளவு. அவற்றுள்ளும் 167,867 சஜித்துக்கு, 105,264 திசாநாயக்கவுக்கு. மொத்தம் 5,740,179 வாக்குகளுடன் திசாநாயக்க வென்றார். செல்லுபடியான வாக்குகளில் அது பாதியைத் தொடவில்லை.

நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு பங்கு எளிதில் வாய்க்காது என்பது ஜெயவர்த்தனாவின் கணக்கு. 225 இடங்களில் அதற்கு 150 வேண்டும். திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்கு 159 கிடைத்தன. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியையே ஒழிப்பதாக அவர்களும் தம் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.