பால்குடமும் பூக்குடலையும்
வத்திராயிருப்பு வழியில் ஒரு திருத்தல உலா

விருதுநகர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நிற்க, அதன் அடிவாரத்தில் அமைந்த பழம்பதி வத்திராயிருப்பு. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவிலை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால் வழியின் தோற்றமே மாறத் தொடங்கும். வானம் பார்த்த பூமி பின்தங்கிவிட, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் இருபுறமும் விரியும். எதிரே நீலநிற மலைத்தொடர் அருகில் வந்துகொண்டே இருக்கும். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, பிளவக்கல் பகுதியிலுள்ள பெரியாறு, கோவிலாறு அணைகளில் தங்கி, கண்மாய்களை நிறைத்து, வயல்களுக்குப் பாய்கிறது. இப்பகுதியில் ஓடும் அர்ச்சுனா நதியைப் பாண்டவர்களின் வனவாசத்தோடு இணைத்துப் பேசும் செவிவழிக் கதையும் உண்டு.

இவ்வூரின் பெயரைச் சொன்னதும் அடியார்களின் நினைவுக்கு வருவது சதுரகிரி. அமாவாசை, பௌர்ணமி நாள்களில், குறிப்பாக ஆடி அமாவாசையன்று, பல ஊர்களிலிருந்தும் வருவோர் வத்திராயிருப்பைக் கடந்தே அடிவாரமான தாணிப்பாறைக்குச் செல்கின்றனர். தீராத நோய்க்கும், திருமணத் தடைக்கும், பிள்ளைப் பேற்றுக்கும் வேண்டுதல் சுமந்து வருபவர்கள் பலர். அவர்களிடையே முதியோர் சிலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வேண்டுதலோடு வருவதுண்டு. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், அலுவலகக் கடமை முடிந்துவிட்டது, உடன் வாழ்ந்தவரும் முன்னே போய்விட்டார். இனி நாம் இருப்பது எதற்காக என்பதே அந்த வேண்டுதலுக்குள் இருக்கும் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இப்பகுதியின் இரண்டு தலங்கள் விடை வைத்திருக்கின்றன. ஒன்று மலைமேல் இருக்கிறது. மற்றொன்று சமவெளியில் இருக்கிறது. ஒன்று சைவம், மற்றொன்று வைணவம். இரண்டும் சொல்லும் விடை ஒன்றே.

மலைமேல் ஓர் ஆயர்

கிழக்கே இந்திரகிரி, மேற்கே வருணகிரி, வடக்கே குபேரகிரி, தெற்கே ஏமகிரி என நாற்றிசையிலும் மலைகள் சூழ்ந்திருப்பதால் இத்தலம் சதுரகிரி எனப் பெயர் பெற்றதாகப் பெரியோர் கூறுவர். தாணிப்பாறையில் தொடங்கும் மலைப்பாதையில் குதிரை ஊற்று, வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பசாமி சந்நிதி எனப் பல இடங்கள் உண்டு. ஓடைகளைத் தாண்டி, பாறைகளில் கால் பதித்து, நான்கைந்து மணி நேரம் ஏறினால் சுந்தர மகாலிங்கத்தையும், அதற்கும் மேலே சந்தன மகாலிங்கத்தையும் தரிசிக்கலாம்.

சுந்தர மகாலிங்கம் சற்றே சாய்ந்த திருமேனி. திருமுடியில் ஒரு தழும்பும் காணப்படும். அதன் காரணத்தைத் தலபுராணம் விரிவாகக் கூறுகிறது.

மலையடிவாரத்தில் வாழ்ந்தவர் பச்சைமால் என்னும் ஆயர். அவருடைய மனைவி சடைமங்கை. மலைமேல் பசு மேய்த்துக் கறக்கும் பாலை நாள்தோறும் வீட்டுக்குக் கொண்டு செல்வது அவளுடைய வேலை. வழியில் ஒரு துறவி பால் கேட்டார், மனமுவந்து கொடுத்தாள். அது அன்றாட வழக்கமாயிற்று. பால் குறைவதை அறிந்த பச்சைமால், காரணத்தைக் கேட்டறியும் பொறுமையின்றி, சினத்தால் மனைவியை அடித்துவிட்டார். துறவி அவளுக்கு அடைக்கலம் தந்து, சடைதாரி என்னும் தெய்வநிலை அருளினார். பச்சைமால் தனியரானார்.

தம் கோபத்தாலேயே இல்வாழ்வை இழந்த மனிதர் அவர். அந்தத் துயரத்திலிருந்து அவரை மீட்டது ஓர் எளிய பணி. மலைமேல் சிவபூசை செய்துவந்த சுந்தரானந்தர் என்னும் சித்தருக்கு, பூசைக்கான பாலைக் கறந்து கொடுப்பதை அவர் தம் கடமையாக ஏற்றார். பொழுது புலர்ந்தால் பசுக்கள் காத்திருக்கும்; பூசைக்குப் பால் வேண்டும். இழந்ததை எண்ணி அழுதுகொண்டிருக்க அவருக்கு நேரமில்லாமற் போயிற்று.

ஒரு நாள் ஒரு பசு மட்டும் பால் குறைவாகத் தந்தது. மறைந்திருந்து பார்த்தபோது, துறவி ஒருவர் அப்பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் பருகக் கண்டார். பூசைப்பால் பறிபோகிறதே என்னும் பதைப்பில் கையிலிருந்த கோலால் ஓங்கி அடித்தார். அடி விழுந்தது சிவபெருமானின் திருமுடியில். பெருமான் தம் வடிவம் காட்டியபோது பச்சைமால் நடுநடுங்கிப் போனார். ஈசனோ அவரைத் தேற்றி, அந்தத் தழும்போடு அங்கேயே லிங்கத் திருமேனியாக எழுந்தருளினார் என்பது வரலாறு.

இக்கதையில் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. பச்சைமால் தவம் செய்தவர் அல்லர். வேதம் ஓதியவரும் அல்லர். முன்கோபம் என்னும் குறை கடைசிவரை அவரை விட்டு நீங்கவும் இல்லை. ஆயினும் அவர் கையில் ஒரு பணி இருந்தது. அந்தப் பணி நடக்கும் இடத்தைத் தேடித்தான் இறைவன் வந்தார். குறையெல்லாம் தீர்ந்த பிறகே தொண்டு தொடங்க வேண்டும் என்று எண்ணுவோருக்கு, அந்தத் தழும்பே ஆறுதல்.

கொத்துப் பிடித்த கை

மலையிலிருந்து இறங்கி, வந்த வழியே கிருஷ்ணன்கோவிலை அடைந்து தெற்கே சென்றால், பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். அதுவே வடபத்ரசாயி பெருமாள் பள்ளிகொண்டருளும் ஸ்ரீவில்லிபுத்தூர். 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த திருத்தலம்.

பெரியாழ்வாரின் இயற்பெயர் விஷ்ணுசித்தர். அவர் தமக்கெனத் தொண்டைத் தெரிந்தெடுத்த விதத்தைக் குருபரம்பரை நூல்கள் அழகாகக் கூறுகின்றன. எம்பெருமானுக்கு உவப்பான கைங்கரியம் எது, தம்மால் இயன்றது எது என்று அவர் எண்ணிப் பார்த்தாராம். கண்ணபிரான் கம்சனின் வில்விழாவுக்காக மதுராவுக்குச் சென்றபோது, மாலைகட்டும் ஒருவரின் இல்லத்தைத் தாமே தேடிச் சென்று பூமாலை கேட்டு வாங்கி அணிந்தார் என்பது அவர் நினைவுக்கு வந்தது. பெருமானே கேட்டு வாங்கியது பூமாலை. ஆகவே பூமாலை கட்டுவதே தம் பணி என்று முடிவு செய்தார். ஒரு நந்தவனம் அமைத்தார். கொத்துக் கொண்டு மண்ணைக் கிளறினார், நீர் பாய்ச்சினார், பறித்தார், தொடுத்தார், வடபத்ரசாயிக்குச் சாற்றினார். மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே.

அதே காலத்தில் மதுரையில் வல்லபதேவன் என்னும் பாண்டிய மன்னன் அரசாண்டான். ஓர் இரவு நகர்வலம் வந்தபோது, கங்கை நீராடித் திரும்பிய அந்தணர் ஒருவரைத் திண்ணையில் கண்டு, நல்வார்த்தை ஒன்று சொல்லும்படி வேண்டினான். மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்ற எட்டு மாதங்களில் தேடிக்கொள்ள வேண்டும். இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அரண்மனை திரும்பிய மன்னனுக்கு உறக்கம் வரவில்லை. முதல் மூன்றுக்கும் அவனிடம் குறைவில்லை. நான்காவதற்கு ஒன்றுமே தேடி வைக்கவில்லை. நாடும் படையும் செல்வமும் உடைய ஒருவன், எதற்காக வாழ்கிறோம் என்று தெரியாமல் கலங்கி நின்றான்.

அமைச்சர் செல்வநம்பியின் யோசனைப்படி, பரம்பொருள் யாரென நிலைநாட்டுவோர்க்கு உரியதெனப் பொற்கிழி ஒன்று சபையில் கட்டப்பட்டது. புலவர்கள் வந்து குவிந்தனர். வடபத்ரசாயியோ தம் தோட்டக்காரரின் கனவில் தோன்றி, மதுரைக்குப் போய்வரப் பணித்தார். கொத்துப் பிடித்துக் காய்த்துப்போன கையைக் காட்டியா வேதப் பொருளை நிலைநாட்டுவது என்று விஷ்ணுசித்தர் தயங்கினாராம். அது உம் கவலையன்று என்பதே பெருமானின் மறுமொழி. அவர் சென்றார், வேதங்களிலிருந்து சான்று காட்டினார், பொற்கிழி தானே தாழ்ந்து அவர் முன் வந்தது. மன்னன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அந்தக் கோலம் காணக் கருடன்மேல் எழுந்தருளிய எம்பெருமானுக்கு எவர் கண்ணும் பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு அவர் பாடியதுதான் திருப்பல்லாண்டு.

இதற்குப் பின் நடந்தது இன்னும் பெரிது. பாண்டிய நாடே போற்றிய அவர், கிடைத்த பொருளைப் பெருமானுக்கே சமர்ப்பித்துவிட்டு நந்தவனத்துக்குத் திரும்பினார். மீண்டும் கொத்து, மீண்டும் நீர், மீண்டும் பூக்குடலை. ஊரறியாதபோது எந்தப் பணியைச் செய்தாரோ, ஊர் கொண்டாடிய பின்னும் அதே பணியைச் செய்தார். புகழ் வந்ததால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நந்தவனத்தில்தான் ஓர் ஆடிப்பூர நன்னாளில், துளசிச் செடியின் அருகே ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்தாள். நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த கைகளுக்குக் கிடைத்த பிரசாதம் அது.

நாள்தோறும் பிறக்கும் கிளி

அந்த மரபு இன்றும் அறுபடாமல் தொடர்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை மறுநாள் காலையில் வடபத்ரசாயிக்குச் சாற்றப்படுகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு எழுந்தருளும் அழகருக்கும் இங்கிருந்து மாலை செல்கிறது.

ஆண்டாளின் இடக்கரத்தில் வீற்றிருக்கும் பச்சைக்கிளியை உற்று நோக்க வேண்டும். மரவள்ளி இலைகளால் உடலும் சிறகும், மாதுளம்பூவால் அலகும் அமைத்து, வாழைநாரால் கட்டி, பரம்பரையாக இத்தொண்டில் ஈடுபட்டோர் அதைச் செய்கிறார்கள். ஒரு கிளியை உருவாக்கப் பல மணி நேரம் ஆகும். மாலையில் அன்னையின் கரத்தில் அமரும் கிளி மறுநாள் பிரசாதமாகிவிடும். அன்றைக்குப் புதிய கிளி வேண்டும். நேற்றைய கிளி எத்தனை அழகாக அமைந்தாலும் இன்றைய கிளிக்கு அது ஈடாகாது.

முதியோர் மனத்தை அரிக்கும் கவலைக்கு இந்தக் கிளியே மறுமொழி. செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்துவிட்டோம் என்பது நேற்றைய கிளியைப் பற்றிய பேச்சு. இன்றைக்கு ஒரு கிளி இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது.

அர்ச்சுனாபுரத்து அன்னை

வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது. பஞ்சத்தால் வாடி, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள் அவள். அண்ணியின் கடுஞ்சொல்லே அங்கு அவளை வரவேற்றது. பிறந்த வீட்டிலும் இடமில்லை என்றானபோது பிள்ளைகளோடு உயிர் நீத்த அவளை, ஊர் தெய்வமாக வைத்து வழிபடுகிறது.

வாழ்வதற்குக் காரணம் அற்றுப்போவது பசியால் மட்டும் நேர்வதில்லை. உனக்கு இங்கே இடமில்லை என்று ஒரு வாசல் சொல்லும்போதும் அது நேர்கிறது. அன்று அந்த வாசலில் யாரேனும் ஒருவர், வா தாயே என்று அழைத்து ஒரு பிடி சோறு இட்டிருந்தால் எட்டு உயிர்கள் பிழைத்திருக்கும். அப்படி அழைப்பதற்கு வேதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மலை ஏறும் வலிமையும் வேண்டியதில்லை. வயது எண்பதானாலும் ஒருவரால் செய்யக்கூடிய தொண்டு அது. மனம் நொந்திருக்கும் மருமகளுக்கோ, தேர்வில் தோற்ற பேரனுக்கோ, துணையை இழந்த அண்டை வீட்டாருக்கோ, இங்கே உனக்கு இடம் உண்டு என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

தமக்கு எது பெருமை தரும் என்று பச்சைமாலும் கேட்கவில்லை, விஷ்ணுசித்தரும் கேட்கவில்லை. எது தேவைப்படுகிறது, அதில் தம் கைக்கு இயன்றது எது என்று பார்த்தார்கள். ஒருவர் பால்குடத்தை எடுத்தார். மற்றவர் பூக்குடலையை எடுத்தார். வீட்டுத் துளசிக்கு ஒரு செம்பு நீர், தெருக்கோயில் பிள்ளையாருக்கு ஒரு முழம் பூ, பேரப்பிள்ளைக்கு ஒரு பாசுரம், பசித்து வந்தவருக்கு ஒரு பிடி சோறு. நாளைய விடியலில் இவற்றுள் ஒன்று தமக்காகக் காத்திருக்கிறது என்னும் நினைவோடு இரவில் கண் மூடுபவருக்கு, இருப்பது எதற்காக என்னும் கேள்வி எழுவதே இல்லை.

எப்படிச் செல்வது?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழித்தடப் பேருந்தில் கிருஷ்ணன்கோவிலில் இறங்கி வத்திராயிருப்பு செல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பேருந்து உண்டு. விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையம் உள்ளது. சதுரகிரிப் பாதை வனப்பகுதியில் அமைந்திருப்பதால், வனத்துறை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்த பின்னரே புறப்பட வேண்டும். மழைக் காலத்தில் ஓடைகளில் திடீர் வெள்ளம் வரக்கூடும். அப்போது ஏறுதல் ஆகாது. இதய நோய், மூட்டுவலி உடையோர் தாணிப்பாறையிலிருந்தே மலையை நோக்கி வணங்கலாம். பால்குடம் சுமந்தவரைத் தேடி வந்த பெருமான், அடிவாரத்தில் நிற்பவரையும் அறிவார்.