நான்காவது அறிவிப்பு

அருமனைப் பக்கம் ஒரு சிற்றூர். படிப்பகத்தின் முன்சுவரில் கரும்பலகை. ஊர் இளைஞர் வேளாண் குழு தன் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில்தான் எழுதுகிறது. கார்த்திகை மாதக் காலையில் நான் போனபோது நான்கு அறிவிப்புகள் இருந்தன. வேளாண் அறிவியல் நிலையத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி, ஆதார் நகலோடு பெயர் கொடுக்க வேண்டும். மானிய விலையில் தேன்பெட்டி வாங்க விண்ணப்பம் வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. கடைசியாக, இடம் போதாமல் நெருக்கி எழுதிய இரண்டு வரி: தை கடைசியிலிருந்து பங்குனி வரை தேன் வேலைக்குக் கூடவர இரண்டு பேர் தேவை, சாப்பாடும் கூலியும் உண்டு, வேலை கற்றுத் தரப்படும்.

குழுவின் செயலாளருக்கு முப்பது வயதிருக்கும். வளைகுடாவில் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். “முதல் மூணுக்கும் ஆள் வந்தாச்சு சார். நாலாவதுக்குத்தான் ஒருத்தரும் வரல்ல” என்றார். எழுதச் சொன்னவர் யார் என்று கேட்டேன். “வாங்க, அவருக்க விளையிலதான் இன்னைக்கு வகுப்பு” என்று கூட்டிக்கொண்டு போனார்.

விளை என்றால் குமரி மாவட்டத்தில் தோட்டம். தென்னை, பலா, வாழை, மரங்களில் படர்ந்த நல்லமிளகு. நடுவே ஒற்றைக்கால் தாங்கிகளின் மேல் மரப்பெட்டிகள். எறும்பு ஏறாதிருக்க ஒவ்வொரு தாங்கியின் காலிலும் தண்ணீர்க் கிண்ணம். ஒன்பது இளைஞர்கள் நின்றிருந்தார்கள். பெரியவருக்கு அறுபத்தெட்டு வயது. கையுறை இல்லை, முகவலை இல்லை. பாடத்தை அவர் பெட்டியைத் திறந்து தொடங்கவில்லை. “ஓரோருத்தரா வந்து காத வச்சுக் கேளுங்க” என்றார்.

நானும் வைத்தேன். முதல் பெட்டியில் ஒரே சீரான முரளல். இரண்டாவதில் அது ஏறி இறங்கி அனத்துவதுபோல் கேட்டது. “இதுல ராணி இல்ல. நாலு நாளாச்சு” என்றார். திறக்காமலே ஒரு வீட்டின் துக்கத்தைக் காதால் தெரிந்துகொள்ளும் வித்தை அது. எந்தக் கையேட்டிலும் அதை எழுத்தில் காட்டிவிட முடியாது.

பிறகுதான் மூன்றாவது பெட்டியின் மூடி திறந்தது. தேங்காய் நார் புகையை இரண்டு ஊது, அவ்வளவுதான். கீழே புழு அறை, மேலே தேன் அறை. சட்டம் ஒன்றை இரண்டு விரல் நுனியால் தூக்கி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, அடையைச் சாய்த்துப் பிடித்தார். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைத் தோடு போல ஒன்று தலைகீழாகத் தொங்கியது. ராணி அறை. அதன் நுனி மட்டும் மெழுகு உதிர்ந்து பழுப்பேறியிருந்தது. “நுனி செவந்தா உள்ள பிள்ளை தயார்னு அர்த்தம். இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வந்திரும்.” சுற்றிலும் ஒரு விரற்கடை அடையோடு சேர்த்து அதைக் கத்தியால் வெட்டி எடுத்தார். தலைகீழாகத் தொங்கியது அப்படியே தொங்கியபடி இருக்க வேண்டும். கவிழ்ந்தால், குலுங்கினால், உள்ளே இருக்கும் கூட்டுப்புழு ஊனமாகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்து, அனத்திக்கொண்டிருந்த பெட்டியின் நடுச்சட்டத்தில் அதைப் பொருத்தினார். முட்டையிலிருந்து ராணி வெளிவரப் பதினாறு நாள். பிறகு வானத்தில் பறந்து ஆண்தேனீக்களோடு கூடித் திரும்பி, முட்டையிட இன்னும் இரண்டு வாரம் போல ஆகும். அந்த நாட்களில் பெட்டியைத் திறந்து தொந்தரவு செய்யக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். “மாமா, பயிற்சியில இதெல்லாம் ஒரே நாள்ல சொல்லித் தருவாங்களா?”

“தருவாங்க மக்களே. பெட்டியத் திறக்க, சட்டத்தப் பிடிக்க, ராணியக் கண்டுபிடிக்க எல்லாம் நல்லாவே தருவாங்க. ஆனா ஆடி மழையில தேனீ என்ன பாடுபடும்னு கார்த்திகையில எப்படிக் காட்ட முடியும்?”

அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு திட்டத்தில் எனக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. கொடுத்தது ஆனி மாதம், தென்மேற்குப் பருவமழையின் நடுவில். பூ இல்லாத காலம். சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்று பெட்டி கொடுத்தவர்கள் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. இருபது நாளில் தேனீக்கள் கூட்டோடு கிளம்பிப் போய்விட்டன. அடையில் மெழுகுப் புழு வலை பின்னியிருந்தது. அந்தத் திட்டத்தின் கணக்கில் நான் இன்றும் ஒரு பயனாளிதான். என்னைப் போல எத்தனை பயனாளிகளின் வீட்டுப் பின்புறத்தில் காலிப் பெட்டிகள் கிடக்கின்றனவோ.

அருமனைக்குப் பக்கத்து ஊரான மார்த்தாண்டத்துக்கு இந்தத் தொழில் காட்டிலிருந்து மட்டும் வந்ததல்ல, பள்ளிக்கூடம் போல நடந்த ஒரு முயற்சியிலிருந்தும் வந்தது. தேனெடுப்பது இந்த மலையடிவாரத்துக்குப் புதிதில்லை. பெட்டியில் வளர்ப்பதுதான் புதிது. 1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற சேசு சபைப் பாதிரியார், நம் நாட்டுத் தேனீயின் உடல் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்துப் பலருக்கும் பயிற்சி கொடுத்தார். அவர் பெயரில்தான் இன்றும் அந்தப் பெட்டி வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே கிராம முன்னேற்ற மையம் ஒன்றை நடத்தினார். கோழி வளர்ப்பு, முட்டைக் கூட்டுறவு, தேனீ எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் கையில் செய்துபார்க்கக் கொடுத்தது அந்த மையம். 1937-இல் தேனீ வளர்ப்போருக்கென்றே கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கற்றுக் கொடுப்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்ததால் வளர்ந்த தொழில் இது. என் கணிப்பில் அதன் பலமே அதுதான்.

நடுவில் ஒரு பெரும் அழிவும் உண்டு. 1991-92-இல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவி, நாட்டுத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொண்டுபோனது. புழுக்கள் தண்ணீர்ப் பை போல வீங்கி அறைக்குள்ளேயே செத்தன. மருந்து கிடையாது. “நூத்தி இருபது பெட்டி வச்சிருந்தேன். மூணு மிஞ்சிச்சு” என்று பெரியவர் சொன்னபோது பையன்கள் பேசாமல் நின்றார்கள். பலர் பெட்டிகளை விறகுக்குப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார்களாம். அவர் அந்த மூன்றையும் விடவில்லை. நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்தே மறுபடி மறுபடி ராணி எடுத்துப் பிரித்தார். இன்று அந்த விளையில் நிற்கும் பெட்டிகள் அந்த மூன்றின் வழி வந்தவை.

மாசியில் மறுபடி பெரியவரைப் பார்க்கப் போனேன். இம்முறை கேரளத்துக்கு, பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு. குமரியின் தேன்காரர்கள் பருவத்தில் மலையாளக் கரைக்குப் பெட்டிகளைக் கொண்டுபோவது பழைய வழக்கம். ரப்பர் மரம் மார்கழி, தையில் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் முடிச்சில் சிறு சுரப்பிகள் உண்டு. தளிர் இளசாக இருக்கும் சில வாரங்கள் அங்கே தித்திப்பு நீர் ஊறும். ரப்பர் தேன் என்று நாம் வாங்குவதில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதல்ல, இலைக்காம்பிலிருந்து வருவது. இதைச் சொன்னால் ஊரில் பலரும் நம்பமாட்டார்கள். தளிர் ஒன்றைப் பறித்து என் கையில் கொடுத்தார் பெரியவர். அந்த முடிச்சில் கடுகளவு பளபளப்பு. நாக்கில் தொட்டேன், இனித்தது.

பெட்டிகளைப் பகலில் ஏற்றுவதில்லை. பொழுது சாய்ந்து, வெளியே போன தேனீக்கள் கூடடைந்த பிறகு வாசலை அடைத்து, கயிறு கட்டி, மினி லாரியில் இரவோடு இரவாகக் கொண்டுபோய், விடியுமுன் இறக்கிவிட வேண்டும். தாமதமானால் வெப்பத்தில் அடை உருகிக் கூட்டம் செத்துப்போகும். வேலைக்காரர்களுக்குத் தங்குமிடம் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகை. கஞ்சி, கப்பைக்கிழங்கு, மீன்குழம்பு. விடியற்காலையில் எழுந்தால் மத்தியானம் வரை நிமிர நேரமிருக்காது.

அங்கே ஒரு பையனைப் பார்த்தேன். ஐ.டி.ஐ. முடித்தவன். நான்காவது அறிவிப்புக்கு வந்த ஒரே ஆள். இன்னொரு இடம் காலியாகவே இருந்தது. கொட்டு வாங்கி இடக்கண் வீங்கியிருந்தது. “மொதல்ல மூணு நாள் ஓடிப் போயிரலாம்னு தோணிச்சு சார்” என்றான். அவன் கையில் ஒரு தேன்சட்டம். முக்கால்வாசி அறைகள் வெள்ளை மெழுகால் மூடியிருந்தன. மூடாத அறைகள் கால்வாசிக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்று அவனே எனக்கு விளக்கினான். பழுக்காத தேனில் நீர் மிகுந்திருக்கும், புளித்துவிடும். ரப்பர் தேனுக்கு நீர் இயல்பிலேயே அதிகம். தேனில் நீர் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது என்பது உணவுத் தர விதி. ஆரம்பத்தில் ஆசைப்பட்டு அரைகுறையாய் மூடிய சட்டங்களை எடுத்துவிட்டானாம். பெரியவர் திட்டவில்லை. அந்தத் தேனைத் தனிப் பாட்டிலில் ஊற்றி, கொட்டகை மூலையில் அவன் கண்ணில் படும்படி வைத்திருந்தார். பத்தாம் நாள் மேலே நுரை கட்டிற்று. அந்தப் பாட்டிலை எனக்கும் காட்டினான்.

சூடு தண்ணீரில் முக்கிய கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, சட்டத்தைத் தகர டிரம்முக்குள் இறக்கி, அவன் கைப்பிடியைச் சுற்றினான். முதலில் மெதுவாக, பிறகு சற்று வேகமாக. புது அடை, அவசரப்பட்டால் உடையும். உள்சுவரில் தேன் தெறிக்கும் சத்தம் மழைத்தூறல் போலக் கேட்டது. காலியான அடையை உடையாமல் திருப்பி வைத்தால் தேனீ மறுபடி அதிலேயே நிரப்பும். அடையைப் பிழிந்தெடுக்கும் காலத்துக்கும் பெட்டிக் காலத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது. “ஒரு கிலோ மெழுகு கட்ட அதுக எவ்வளவு தேனக் குடிக்கும் தெரியுமா? அதுகளுக்க உழைப்ப நாம ஒடைக்கக் கூடாது” என்றார் பெரியவர். பேசும்போது அவர் கை ஒரு நொடி நிற்கவில்லை.

அரசு உதவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2017-இல் காதி ஆணையம் தேன் திட்டத்தைத் தொடங்கிப் பெட்டிகள் வழங்கிவருகிறது. 2020-இல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கென்று 500 கோடி ரூபாயில் தேசிய இயக்கத்தை அறிவித்தது. பயிற்சியும் மானியமும் சான்றிதழும் வேண்டியவைதான், வாங்க வேண்டியவர்கள் தயங்காமல் வாங்கட்டும். ஆனால் அவை தொழிலின் வாசல்படி. தொழில் இருப்பது ரப்பர் கொட்டகையில், வீங்கிய கண்ணோடு நிற்கும் அந்தப் பையனின் கையில்.

ஊர்களில் இளைஞர் வேளாண் குழு நடத்துகிறவர்களிடமும், பெட்டி வழங்கும் அலுவலர்களிடமும் நான் கேட்பது மூன்றே விஷயங்கள். பெட்டியை ஆனி ஆடி மழையில் கொடுக்காதீர்கள். கூட்டம் பெருகத் தொடங்கும் புரட்டாசி, ஐப்பசியில் கொடுங்கள். பெட்டியோடு ஒரு மூத்த தேன்காரரையும் ஒரு வருடத்துக்கு இணைத்துவிடுங்கள். அவருக்கான கூலியையும் மானியத்திலேயே சேருங்கள். பெண்பிள்ளைகள் தோட்டக் கொட்டகையில் தங்க முடியாதென்றால், உள்ளூர் விளைகளில் அவர்கள் பருவம் முழுவதும் வேலை கற்க ஏற்பாடு செய்யுங்கள். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பெண் இப்போது பெரியவரின் மனைவியோடு வீட்டு விளையில் நிற்கும் எட்டுப் பெட்டிகளைக் கவனித்துக்கொள்கிறாள்.

அருமனைப் பெரியவரின் மற்ற பெட்டிகள் ஒவ்வொரு தை கடைசியிலும் வண்டி ஏறுகின்றன. வேலை கற்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.